கிடாரி வேண்டும், பையன் வேண்டும்

கன்னிவாடித் தொழுவத்திலிருந்து கருத்தரிப்பு மையம் வரை: பிறப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்துவிட்டது. அதன் விலையைக் கொடுப்பது யார்?

கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் பசு விடாமல் கத்தினால் யாரும் பதறுவதில்லை. மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஒரு தலைமுறைக்கு முன்பு கயிற்றைப் பிடித்துக்கொண்டு காளை இருக்கும் வீட்டுக்கு ஓட்டிப் போவார்கள். இன்று கால்நடை மருந்தகத்துக்கு ஒரு போன் போதும். வண்டியில் குடுவையைக் கட்டிக்கொண்டு ஆள் வந்து இறங்குவார். ஊர் இதைச் ‘சினை ஊசி’ என்கிறது. பெயர்தான் ஊசி, எங்கும் குத்துவதில்லை. மைனஸ் 196 டிகிரிக் குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் கிடந்த மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கி, நீளமான குழலில் பொருத்திக் கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அந்த விந்தைக் கொடுத்த காளையை இந்தப் பசு பார்த்தே இருக்காது. காளை செத்துப் பல வருடம்கூட ஆகியிருக்கலாம்.

ஒன்பது மாதம் கழித்து மாடு கன்று போட்டதும் பக்கத்து வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி: “கிடாரியா, காளையா?”

கிடாரி என்றால் வீடு சிரிக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அதுவும் பால் கறக்கும். காளை என்றால் பேச்சு குறைந்துவிடும். ஏர் போய் டிராக்டர் வந்தது. மாட்டு வண்டி போய்ச் சரக்கு ஆட்டோ வந்தது. கலப்பினக் காளைக் கன்றுக்குத் திமிலும் கிடையாது, வாடிவாசலில் இடமும் கிடையாது. அது குடிக்கும் பால் நஷ்டக் கணக்கில் போகும். கொஞ்சம் வளர்ந்ததும் சந்தைக்கு, அங்கிருந்து அடிமாடாக லாரிக்கு.

இந்தக் கவலைக்கும் அறிவியல் வழி கண்டுவிட்டது. பெண் கன்றைத் தரும் எக்ஸ் விந்தணுவில், ஆண் கன்றைத் தரும் ஒய் விந்தணுவைவிட ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாக டி.என்.ஏ இருக்கிறது. சாயம் ஏற்றி, லேசர் ஒளிக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டால் எக்ஸ் சற்றுக் கூடுதலாக மின்னும். அந்த மினுக்கத்தை வைத்து இயந்திரம் இரண்டையும் இரண்டு பக்கமாகப் பிரித்துவிடும். அப்படிப் பிரித்த விந்தைப் போட்டால் பத்துக்கு ஒன்பது கிடாரி. தமிழக அரசே ஊட்டியில் இதற்கென ஒரு நிலையம் வைத்திருக்கிறது. விவசாயிக்கு இது மானியத் திட்டம்.

தொழுவத்தை விட்டு வீட்டுக்குள் வாருங்கள். அங்கே கேள்வி தலைகீழாகிவிடுகிறது. முதல் பிரசவத்துக்குப் போன மருமகளைப் பற்றி அதே பக்கத்து வீடு கேட்கும்: “பையனா, பொட்டப்புள்ளையா?” கிடாரிக்குச் சிரித்த வீடு பெண் குழந்தைக்கு முகம் சுருக்கும். அமெரிக்க வேளாண் துறை கால்நடைக்காகக் கண்டுபிடித்த அதே பிரிக்கும் முறையை, வர்ஜீனியாவில் ஒரு கருத்தரிப்பு நிறுவனம் உரிமம் வாங்கி மனிதர்களிடமும் பயன்படுத்தியது. இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. ஊட்டியில் அரசுத் திட்டமாக இருப்பது, கருத்தரிப்பு மையத்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கருவி ஒன்றுதான். ஓரிடத்தில் அதை ஏன் வரவேற்கிறோம், இன்னோரிடத்தில் ஏன் தடுக்கிறோம்? “மாடும் மனுஷனும் ஒண்ணா?” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கடந்த நாற்பது வருடத் தமிழகக் கதையைப் பார்த்தால், மனிதரை மாடுபோல நடத்திய இடங்களும் அதில் வருகின்றன.

வாழையடி வாழை

கன்னிவாடிக்குப் பின்னால் எழும் மலையில்தான் பன்றிமலையும் ஆடலூரும். அதற்கும் மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு. கீழ்ப்பழனி மலை என்று சொல்லப்படும் இந்தப் பகுதியில் காபிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் மலை வாழை தனி ருசி. அந்த மலை வாழையில் விருப்பாச்சி வாழைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பழம் இது.

“வாழையடி வாழையாகத் தழைக்க வேண்டும்” என்று மணமக்களை வாழ்த்துகிறோம். கல்யாண வீட்டு வாசலில் குலை தள்ளிய வாழையைக் கட்டுகிறோம். ஆனால் வாழை பிள்ளை பெறுவதில்லை. அதன் பழத்தில் முளைக்கும் விதை கிடையாது. பக்கத்தில் முளைக்கும் கன்று தாயின் அச்சு அசல் நகல். அப்பா இல்லை, கலப்பு இல்லை, மாற்றம் இல்லை. விஞ்ஞானிகள் ‘குளோனிங்’ என்று சொல்லி உலகத்தை மிரட்டியதை நம் தாத்தாக்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள்.

நகலில் ஒரு சங்கடம் உண்டு. நல்லது நகலாவதுபோல் கெட்டதும் கூடவே போகும். 1970-களில் இந்த மலையில் முடிக்கொத்து நோய் பரவியது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. அசுவினிப் பூச்சி பரப்பிய வைரஸ் கன்றுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டதால், ஒரு தோட்டத்துக் கன்றை எடுத்து இன்னொரு தோட்டத்தில் நட்டவர்கள் நோயையும் சேர்த்தே நட்டார்கள். மலை வாழை பெரும்பகுதி அழிந்தது.

மீட்டதும் ஆய்வகம்தான். வேளாண் பல்கலைக்கழகம் குருத்து நுனியின் சிறு துணுக்கைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, வைரஸ் இல்லை என்று சோதித்த பிறகே கன்றுகளைக் கொடுத்தது. தடியன்குடிசையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. ஆகவே ‘ஆய்வகம்’ என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. மலைக்காரர் பிழைப்பைக் காப்பாற்றியதும் அதுதான்.

ஆனால் பெற்றோர் சிலர் இன்று ஆய்வகத்திடம் கேட்பது வேறு. இந்தப் பாலினத்தில், இந்த நிறத்தில், இந்த உயரத்தில் ஒரு பிள்ளை வேண்டுமென்பது வாழைக் கன்று கேட்பதுபோல்தான். பிள்ளை பெறுவதில் எப்போதும் ஒரு பங்கு நம் கையில் இல்லாதது. அதையும் கையில் எடுத்துக்கொள்ள முயன்றபோது என்ன ஆனது என்பதற்குத் தமிழகமே சாட்சி.

எருக்கம்பாலிலிருந்து ஸ்கேனுக்கு

1986-ல் ‘இந்தியா டுடே’ இதழ் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. உள்ளூரில் அதிர்ச்சி குறைவு. எருக்கம்பாலும் நெல்மணியும் எதற்குப் பயன்பட்டன என்பது ஊருக்குத் தெரிந்த ரகசியம். 1992-ல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. ‘கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ’ என்று ஓர் அரசு தன் குடிமக்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. 1994-ல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ வந்தது. 2001-ல் தொட்டில்கள் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி என்று மற்ற மாவட்டங்களுக்கும் வந்தன.

அதே 1994-ல்தான் நாடாளுமன்றம் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தையும் இயற்றியது. காரணம், கொலை இடம் மாறிவிட்டது. பிறந்த பிறகு பாட்டி செய்ததை, பிறப்பதற்கு முன்பு ஸ்கேனும் கருக்கலைப்பும் செய்யத் தொடங்கின. ரத்தம் தெரியாது, அழுகை கேட்காது, போலீஸ் வராது, ரசீதுகூடக் கிடைக்கும். தொழில்நுட்பம் அந்தப் பழைய ஆசையை மாற்றவில்லை. அதற்கு வெள்ளை கோட்டு மாட்டிவிட்டது.

2003-ல் சட்டத்தைத் திருத்தி, கரு உருவாவதற்கு முன்பே பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதையும் குற்றமாக்கினார்கள். விந்தணுவைப் பிரிக்கும் வழி அப்போது அடைபட்டது. இன்று ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் ‘கருவின் பாலினம் சொல்வது குற்றம்’ என்ற பலகை தொங்குகிறது.

பலகை வேலை செய்ததா? ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற கணக்கில் தமிழகம் 1991-ல் 948, 2001-ல் 942, 2011-ல் 943. இயற்கையாக விட்டால் இந்த எண் 950-ஐ ஒட்டி இருக்கும். மொத்தக் கணக்கில் பெரிய பள்ளம் தெரியவில்லை. மாவட்டக் கணக்கைப் பிரித்தால் தெரிகிறது. 2011-ல் கடலூரும் அரியலூரும் 900-க்கும் கீழே. மேற்கிலும் தெற்கிலும் பேசப்பட்ட நோய், அதிகம் பேசப்படாத கிழக்கில் போய் உட்கார்ந்திருந்தது.

தேர்ந்தெடுத்தது குடும்பம். விலை கொடுத்தவர்கள் இருவர். ஒருத்தி, பிறக்காமல் போன பெண். இன்னொருத்தி, ஒவ்வொரு முறையும் மேசையில் படுக்க வேண்டியிருந்த அவள் அம்மா. இருவரில் யாரையும் யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிக் கிண்ணத்தில் கரு

ஒரு பக்கம் வேண்டாத பிள்ளை. மறுபக்கம் வேண்டியும் வராத பிள்ளை. குழந்தை இல்லாத பெண்ணைச் சுட நம் மொழியில் ஒரு சொல் உண்டு. குழந்தை இல்லாத ஆணை அதே வேகத்தில் சுட ஒரு சொல் வழக்கில் இல்லை. மருத்துவக் கணக்கோ, குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி ஜோடிகளில் ஆணிடமும் காரணம் உண்டு என்கிறது. சுற்ற வேண்டிய கோயிலையும் குளத்தையும் இருக்க வேண்டிய விரதத்தையும் பெண் தலையில் கட்டிய சமூகத்துக்கு, விந்துப் பரிசோதனை ஓர் உண்மையைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தது. இந்தத் தொழில்நுட்பம் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை. சரியாக எழுபது நாள் கழித்து, அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் துர்கா பிறந்தாள். அவளை உருவாக்கிய டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயை அரசுக் குழு நம்ப மறுத்தது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக விடவில்லை. சம்பந்தமே இல்லாத துறைக்கு மாற்றினார்கள். 1981-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று வெகுகாலம் எழுதப்பட்டது. ஹர்ஷாவை உருவாக்கிய குழுவில் இருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார்தான் பின்னர் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, “முதல் நாங்கள் இல்லை, அவர்” என்ற பொருளில் 1997-ல் அறிவித்தார். தன் பெருமையைத் தானே திருப்பிக் கொடுத்த அந்தச் செயல் அறிவியல் உலகில் அபூர்வம். தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை 1990-ல் சென்னையில், டாக்டர் கமலா செல்வராஜ் மருத்துவமனையில் பிறந்தது.

அன்று பத்திரிகைத் தலைப்புச் செய்தி; இன்று பேருந்து நிலையச் சுவரொட்டி. மாவட்டத் தலைநகரங்களில் எல்லாம் சிரிக்கும் குழந்தை படத்தோடு கருத்தரிப்பு மையங்கள். மலையிலும் அடிவாரத்திலும் கூலி வேலை பார்க்கும் ஜோடிகளும் அந்தப் படியேறுகிறார்கள். ஒரு சுழற்சி சிகிச்சைக்கு லட்சத்துக்கு மேல் ஆகும். இளம் வயதுப் பெண்ணுக்கே மூன்றில் ஒரு முறைதான் கைகூடும் என்பதை எத்தனை மையங்கள் தெளிவாகச் சொல்கின்றன? நகை அடகுக்குப் போகும், பிறகு காடு விலைக்குப் போகும். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது. ஆடலூரிலிருந்து எழும்பூர் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் இதுவரை விலை கொடுப்பவர் பிள்ளை வேண்டியவரே. கதை மாறுவது, அந்த அம்மாவின் கருமுட்டை போதாது என்று மருத்துவர் சொல்லும் இடத்தில். அங்கே இன்னொரு பெண் உள்ளே வருகிறாள்.

ஈரோட்டுச் சிறுமி

2022 ஜூன் மாதம். ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்டது வெளியே வந்தது. பெற்ற தாய், தாயோடு இருந்த ஆண், புரோக்கர் பெண், போலி ஆதார் அட்டை தயாரித்துக் கொடுத்தவர் எல்லோரும் கைதானார்கள். ஆதாரில் பெயரும் வயதும் மாற்றப்பட்டிருந்தன. விசாரணை ஈரோடு, பெருந்துறை, சேலம், ஓசூர் என்று நீண்டு, ஆந்திரத்துக்கும் கேரளத்துக்கும் போனது. தமிழக அரசு மருத்துவக் குழு அமைத்து, மருத்துவமனைகள்மீது நடவடிக்கை எடுத்தது.

கருமுட்டை எடுப்பது தலைமுடி வெட்டுவதுபோல் அல்ல. இயற்கையில் மாதத்துக்கு ஒரு முட்டை முதிரும். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முதிர வேண்டும் என்பதற்காக, பத்து நாளைக்கும் மேல் தினமும் ஹார்மோன் ஊசி போடுவார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பெண்ணுறுப்பின் வழியாக ஊசி செலுத்தி ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். வளர்ந்த பெண்ணுக்கே இது லேசான விஷயமில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள்.

ஊசி போட்டவரும் மயக்கம் கொடுத்தவரும் ஸ்கேன் பார்த்தவரும் அவள் முகத்தைப் பார்த்தவர்கள்தான். ஆதாரில் இருந்த வயதையும் எதிரில் இருந்த முகத்தையும் ஒப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால், அங்கே நோயாளி என்று ஒருத்தியை யாரும் பார்க்கவே இல்லை. கறவை மாட்டைப் பார்க்கும் கண்தான் இருந்திருக்கிறது.

ஈரோட்டுக்குப் பக்கத்தில்தான் திருச்செங்கோடு. அந்த ஊரைக் களமாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ 2010-ல் வெளியானது. பிள்ளையில்லாத தம்பதி, தேர்த் திருவிழா இரவில் முகம் தெரியாத ஒருவன் மூலம் கருத்தரிப்பது என்ற வழக்கத்தைச் சுற்றிய கதை. அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 2015 ஜனவரியில் எழுத்தாளர் தன்னை ‘இறந்துவிட்டதாக’ அறிவிக்கும் நிலை வந்தது. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நாவலில் வந்த பிறர் வித்துக்குக் கொதித்துத் தெருவுக்கு வந்த அளவுக்கு, நிஜச் சிறுமிக்காக எந்த ஊரும் கடையடைக்கவில்லை. மானம் போய்விடும் என்ற கோபம் நமக்குச் சீக்கிரம் வருகிறது. ஒரு பிள்ளையின் உடம்பு போகிறதே என்ற கோபம் வர நேரமாகிறது.

தியாகம் யாருடையது?

2022 ஜனவரி 25-ல் இரண்டு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஒன்று கருத்தரிப்பு மையங்களுக்கு, மற்றொன்று வாடகைத் தாய்க்கு. கருமுட்டை கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35. வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் ஏழு முட்டைகள். அவர் பெயரில் 12 மாதக் காப்பீடு எடுக்க வேண்டும். வாடகைத் தாய்க்கு வயது 25 முதல் 35. திருமணமாகிச் சொந்தக் குழந்தை இருக்க வேண்டும், அவரும் ஒரே முறைதான். காப்பீடு 36 மாதம். இருவருக்கும் மருத்துவச் செலவு தரலாம், கூலி தரக்கூடாது. ‘சேவை மனப்பான்மை’ என்கிறது சட்டம்.

கூலியைத் தடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2008-ல் ஜப்பானியத் தம்பதிக்காகக் குஜராத்தின் ஆனந்த் நகரத்தில் ஒரு பெண் சுமந்த குழந்தை மஞ்ஜி, பிறப்பதற்கு முன்பே பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாயும் நாடும் இல்லாமல் நின்றது. உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், பாட்டி வந்து ஜப்பானுக்கு எடுத்துப் போனார். வெளிநாட்டவருக்கு இந்தியாவின் கருப்பை மலிவுச் சந்தையாகிவிட்டது என்ற வெட்கம் அன்று எழுந்தது. நியாயமான வெட்கம்.

ஆனால் இன்றைய கணக்கைப் பாருங்கள். மருத்துவருக்குக் கட்டணம் உண்டு. ஆய்வகத்துக்கு, மருந்து நிறுவனத்துக்கு, பத்திரம் எழுதும் வழக்கறிஞருக்கு, விளம்பரம் போடுபவருக்கு எல்லோருக்கும் உண்டு. உடம்பைக் கொடுக்கும் பெண் மட்டும் தியாகம் செய்ய வேண்டும். நடைமுறையில் அந்தத் தியாகத்துக்கு வருபவள் விசைத்தறிக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பெண். பங்களாவிலிருந்து யாரும் வருவதில்லை. பணம் கைமாறத்தான் செய்யும். சட்டம் மூடிய கதவுக்குப் பின்னால் மாறும். அங்கே புரோக்கருக்கு ஒரு பங்கு, போலி ஆதாருக்கு ஒரு பங்கு போய், மிச்சம்தான் அவளுக்கு.

நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுவது இது. அவள் இழக்கும் நாளுக்கும் ஏற்கும் ஆபத்துக்கும் அரசே ஒரு தொகையை நிர்ணயிக்கட்டும். அது நேராக அவள் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். அவளுக்கு நோய் வந்தால் பார்ப்பதற்கு ஒரு அரசு மருத்துவரின் பெயர் தாளில் இருக்கட்டும். விலை பேசக்கூடாது என்பது சரி. அதற்காக அவளை வெறுங்கையோடு அனுப்புவது அறம் ஆகாது.

சட்டம் வேறொரு கேள்வியையும் பாதியில் விட்டிருக்கிறது: யார் பெற்றோர் ஆகலாம்? வாடகைத் தாயின் உதவியைத் தனித்து வாழும் பெண்களில் விதவையும் விவாகரத்தானவரும் மட்டுமே நாடலாம், அதுவும் 35 முதல் 45 வயதுக்குள். கல்யாணமே ஆகாதவருக்கு, தனி ஆணுக்கு, ஒரே பாலின ஜோடிக்கு இடமில்லை. 2022 அக்டோபரில் நடிகை நயன்தாரா – இயக்குநர் விக்னேஷ் சிவன் தம்பதியின் இரட்டைக் குழந்தைச் செய்தி வந்தபோது தமிழ்நாடே இந்தச் சட்டத்தை டீக்கடையில் அலசியது. அரசுக் குழு விசாரித்துத் தம்பதி விதி மீறவில்லை என்று சொன்னது. குழந்தையைச் சுமந்த பெண்ணின் உடல்நிலை பற்றி அந்த டீக்கடைகளில் ஒருவரும் கேட்கவில்லை.

இறந்தவருக்குப் பிள்ளை வேண்டுமா என்ற கேள்வியோ தமிழருக்குப் புதிதே அல்ல. ராமநாதபுரம் சேதுபதி மறைந்த பிறகு ராணி தத்து எடுத்தது செல்லாது என்று மதுரை கலெக்டர் தரப்பு வாதாடியது. கணவன் அனுமதி தராவிட்டாலும், அவன் பங்காளிகள் சம்மதித்தால் தென்னாட்டில் விதவை தத்தெடுக்கலாம் என்று 1868-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம், புற்றுநோயால் இறந்த திருமணமாகாத மகனின் உறைவிந்தைப் பெற்றோரிடம் ஒப்படைக்கச் சொன்னது. நூற்றைம்பது வருட இடைவெளியில் ஒரே ஏக்கம். ஒரே ஒரு வித்தியாசம்: தத்தெடுத்தால் ஏற்கெனவே பிறந்த ஒரு பிள்ளைக்கு வீடு கிடைக்கும். உறைவிந்துக்கோ இன்னும் ஒரு பெண்ணின் கருப்பை தேவை.

வேலூரும் ஷென்ஜெனும்

மரபணுப் பேச்சு வந்தாலே ‘இதெல்லாம் பணக்காரர் கவலை’ என்று நினைக்கிறோம். தமிழகத்தில் அது கல்யாணப் பேச்சிலேயே தொடங்குகிறது. தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21-ன்படி இங்கே நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். நாட்டின் சராசரி 11தான். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டும்போது இருவரும் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே மறைந்த குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. அப்படிப் பிறக்காதபோது குடும்பம் சாமி குற்றம் என்கிறது.

இந்த இடத்தில் கருவைச் சோதித்துப் பார்க்கும் முறை வரம். குடும்பத்தில் ஏற்கெனவே தெரிந்த பரம்பரை நோய்க்காகக் கருவைச் சோதிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதையும் தாண்டிக் குணம், நிறம், அறிவு என்று தேடக்கூடாது.

குணப்படுத்துவதற்கும் தேர்ந்தெடுப்பதற்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று புரிய இரண்டு ஊர்களைப் பார்த்தால் போதும். ஒன்று வேலூர். ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய் உள்ள ஐந்து பேருக்கு, சி.எம்.சி. மருத்துவமனையில் அவர்களுடைய குருத்தணுக்களையே எடுத்து, குறையுள்ள மரபணுவின் சரியான நகலைச் சேர்த்து உடம்புக்குள் திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. ரத்தக் கசிவு நின்றிருந்தது. ஐவரும் வயது வந்தவர்கள். ஆபத்தைக் கேட்டு, யோசித்து, கையெழுத்துப் போட்டவர்கள். மாற்றமும் அவர்கள் ரத்தத்தோடு நின்றுவிடும்.

மற்றொன்று சீனாவின் ஷென்ஜென். 2018 நவம்பரில் விஞ்ஞானி ஹ ஜியான்குய், கருவிலேயே மரபணுவைத் திருத்திப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக அறிவித்தார். எச்.ஐ.வி. தொற்றாதபடி செய்தேன் என்றார். அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் விந்தைக் கழுவிச் சுத்தம் செய்யும் எளிய முறையிலேயே குழந்தையைக் காப்பாற்றியிருக்கலாம். 2019 இறுதியில் நீதிமன்றம் அவருக்கு மூன்று வருடச் சிறைத் தண்டனை விதித்தது. அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளிடம், பேரப்பிள்ளைகளிடம் கேட்க முடியாது. ஆனால் திருத்தம் அவர்கள் வரைக்கும் போகலாம், மலை வாழைக் கன்றுக்குள் வைரஸ் போனதுபோல, சொல்லாமல் கொள்ளாமல்.

இரண்டு ஊர்களிலும் விஞ்ஞானம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வேலூரில் ஆபத்தை ஏற்பவரைக் கேட்டார்கள். ஷென்ஜெனில் கேட்கவில்லை. சிக்கலான தத்துவம் எதுவும் வேண்டாம். இந்த ஒரு கேள்வியை வைத்தே ஊட்டி நிலையத்தையும் ஈரோட்டு மருத்துவமனையையும் அளந்துவிடலாம். மாட்டைக் கேட்க முடியாது என்பதால்தான் அதைக் கண்ணியமாக நடத்தும் பொறுப்பு நமக்குக் கூடுகிறது. மனுஷியைக் கேட்க முடியும். கேட்காமல் விடுவது நம் வசதிக்காக.

படியேறும் முன்

கன்னிவாடியிலிருந்தோ வேறெந்த ஊரிலிருந்தோ பிள்ளை ஏக்கத்தோடு ஒரு மையத்தின் படியேறுகிறீர்கள் என்றால், உங்கள் ஏக்கத்தில் எந்தத் தப்பும் இல்லை. சில விஷயங்களை மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மையத்தின் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா? உங்கள் வயதில் எத்தனை பேரில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை கைகூடும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் தருவார்களா? கணவருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்றா? இன்னொரு பெண்ணின் முட்டையோ கருப்பையோ தேவை என்று சொன்னால், முட்டை கொடுப்பவள் பெயரை நீங்கள் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அவள் வயதை யார் சரிபார்த்தார்கள், அவளுக்குக் காப்பீடு எடுத்தாயிற்றா என்று கேட்கலாம். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் தெருவில் பதினெட்டு வயதாகாத ஒரு பெண் பிள்ளையை அடிக்கடி ‘ஆஸ்பத்திரிக்கு’க் கூட்டிப்போய்க் கையில் பணத்தோடு யாராவது திரும்பினால், அடுத்த வீட்டு விஷயம் என்று இருந்துவிடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. நாள் முழுதும் எடுப்பார்கள்.